சித்தி வீட்டுக்குப் போன நாட்கள்

எங்கள் மையத்துக்குக் கம்ப்யூட்டர் கற்க வருகிறவர்கள் முதல் நாள் எல்லாருமே ஒரே மாதிரிதான் உட்காருவார்கள். நாற்காலியின் நுனியில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு. எதிரே இருக்கும் திரையை, நாய் கட்டியிருக்கிற வீட்டுக் கேட்டைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். "கடிக்காதுங்க, தொடுங்க" என்பேன். சிரிப்பார்கள். ஆனாலும் தொட மாட்டார்கள்.

சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்பைத் தாண்டி, ஒரு சமுதாயக் கூடத்தின் மாடியறையில் அந்த மையம் இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. நான் அங்கே பயிற்சியாளர். அதற்கு முன்னால் ஜங்ஷன் பக்கம் சொந்தமாக பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஊரில் எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. மூடிவிட்டுக் கொஞ்ச காலம் வீட்டில் இருந்தேன். பிறகு இந்த வேலை கிடைத்தது.

வருகிறவர்களில் எல்லாத் தரப்பும் உண்டு. சத்துணவு அமைப்பாளர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர ஆசைப்படும் பெண்கள், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். தமிழில் தட்டச்சு செய்வது, மின்னஞ்சல் அனுப்புவது, இணையத்தில் விண்ணப்பம் போடுவது என்று படிப்படியாகப் போகும். கடைசியில் ஸ்லைடு தயாரிப்பது. அவரவர் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, படமும் எழுத்துமாக ஸ்லைடுகள் செய்து, எல்லாருக்கும் முன்னால் திரையில் காட்டிப் பேச வேண்டும். அதற்குத்தான் பாதிப் பேர் நடுங்குவார்கள்.

எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். தண்டவாளத்தில் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். ஆணி அடித்த கை. மௌஸை அவர் அழுத்தினால் மேஜையே ஆடும். வலது பக்கம் அமுக்குங்கள் என்றால் இடது பக்கம் அமுக்குவார். நான் அவர் பக்கத்திலேயே நின்று, "பரவாயில்லைங்க, மறுபடியும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவருக்கு அது வருவதற்கு வாரக் கணக்கில் ஆனது. வந்த அன்று அவர் கடையிலிருந்து எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கி வந்து கொடுத்து, "சாருக்குக் கோவமே வராதா?" என்று வகுப்பைக் கேட்டார். "வராது" என்று எல்லாரும் கத்தினார்கள். அன்று வீடு திரும்பும்போது எனக்கு நடையே கொஞ்சம் மாறியிருந்தது.

ஓமலூரிலும் மேட்டூரிலும் மையம் திறந்தபோது, அங்கே சொல்லிக் கொடுக்கப்போகிறவர்களுக்கு என்னைத்தான் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். பாடங்களையும் நான்தான் எழுதினேன். அந்தப் பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்றுதான். கற்றுக்கொள்கிறவர் கையிலிருந்து மௌஸைப் பிடுங்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அவரே செய்யட்டும். நீங்கள் பிடுங்கிய அந்த நொடியில், இது என்னால் ஆகாது என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

இதைச் சொன்ன வாயோடுதான் நான் வீட்டில் இருந்தேன்.

என் மனைவிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தைக்கிறாள். எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் பெண்களுக்கு ஜாக்கெட் என்றால் அவள்தான். கழுத்து வேலைப்பாடு, கை வேலைப்பாடு என்று தான் தைத்ததையெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருப்பாள். வருகிறவர்களுக்குப் போனை நீட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டுவாள். நடுவில் எங்கள் மகளின் காலேஜ் போட்டோ வரும், கேஸ் சிலிண்டர் ரசீது வரும், மறுபடி ஜாக்கெட் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். வீட்டில் ஒரு பழைய லேப்டாப் உண்டு. அதை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இந்த போட்டோவெல்லாம் இதுக்குள்ள ஏத்தி, ஒண்ணொண்ணா பெருசா வர்ற மாதிரி பண்ணலாமுங்களா? நீங்க க்ளாஸ்ல சொல்லிக் குடுப்பீங்களே, அந்த மாதிரி."

நான் சொன்னேன். எழுந்து உட்காராமலே சொன்னேன். ஒயரை மாட்டு, அதைத் திற, அந்த ஃபோல்டரைத் தேடு, எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று ஒரே மூச்சில். அவள் ஒயரை மாட்டினாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் அம்புக்குறியைத் திரையில் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்றை அமுக்கினாள். சம்பந்தமில்லாத ஏதோ திறந்தது. மூடத் தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"கொண்டா" என்று மௌஸை அவள் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினேன். படபடவென்று நாலைந்து க்ளிக் செய்து படங்களை ஏற்றிவிட்டு, "பாத்தியா, அவ்வளவுதான்" என்றேன்.

"நீங்க வெரசா பண்ணிட்டீங்க. எனக்குப் புரியலீங்க. இன்னொருக்கா..."

"உனக்கு எதுக்கு இதெல்லாம்? எத்தனை தடவ சொன்னாலும் மண்டையில ஏறாது. வேணும்னா என்கிட்ட சொல்லு, நானே பண்ணித் தரேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இப்போது யோசித்தால் இன்னும் மோசமாகத் தெரிகிறது. கொட்டாவி விட்டுக்கொண்டே, இன்றைக்கு மழை வராது என்று சொல்வது போல சாதாரணமாகச் சொன்னேன். அவள் லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தாள். உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கேட்காமல் விட்டதில் எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிம்மதியாக இருந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, அவள் அடிக்கடி ஓமலூர் போகத் தொடங்கினாள். அங்கே அவளுடைய சித்தி இருக்கிறார். மூட்டு வலி, தனியாக இருக்கிறார். "சித்தி ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க, கொளம்பு அடுப்பு மேல இருக்குது" என்பாள். செவ்வாயும் வியாழனும். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் இருக்கிறாள், நான் காலையில் போனால் மாலையில்தான் வருவேன். அதனால் எனக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. "சித்தியக் கேட்டேன்னு சொல்லு" என்று நானும் சொல்லி அனுப்புவேன். மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் விசாரித்ததில்லை.

ஓமலூர் மையத்தில் ஒரு பெண் ஆசிரியை. நான் பயிற்சி கொடுத்தவர்களிலேயே கெட்டிக்காரி. அந்த ஊர்ப் பெண்தான், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வேலை பார்க்கிறாள். அவளுடைய முதல் வகுப்பு முடியும் நேரம் வந்தபோது எனக்குப் போன் செய்தாள்.

"சார், நம்ம மாணவிங்க எல்லாம் ஸ்லைடு போட்டுப் பேசறாங்க. நீங்கதான் வந்து கேட்டு, சர்டிபிகேட் குடுக்கணும். நீங்க வந்தாத்தான் எனக்குத் திருப்தியா இருக்கும்."

எனக்கு அதில் ஒரு பெருமை. சரி என்றேன். அன்று ஒரு வியாழக்கிழமை. காலையில் வீட்டில், "நானும் இன்னைக்கு ஓமலூர்தான் போறேன், ஒரு நிகழ்ச்சி" என்றேன். அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, "அப்படீங்களா" என்றாள். "நீ எத்தனை மணிக்குப் போற, சேர்ந்து போலாமா?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பைக்கில் வருவதாகச் சொல்லியிருந்தார். அவரோடு கிளம்பிப் போனேன்.

ஓமலூர் மையம் ஒரு பழைய வாடகைக் கட்டிடத்தில், கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறது. அறை நிறையப் பெண்கள். ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். என்னை முன் வரிசையில், மேஜை போட்டு உட்காரவைத்தார்கள். மேஜையில் தண்ணீர் பாட்டில், ஒரு தட்டில் பூ. வெளிச்சத்திலிருந்து வந்ததால் எனக்குப் பின்னால் இருக்கிறவர்களின் முகம் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஆசிரியை எழுந்து என்னை அறிமுகப்படுத்தினாள்.

"நான் உங்களுக்கு எத்தனையோ தடவ சொல்லிருக்கேன், எங்க சார், எங்க சார்னு. இவருதான் அது. நீங்க படிச்ச பாடமெல்லாம் இவரு எழுதினதுதான். நான் உங்க யாரு கையில இருந்தும் மௌஸைப் பிடுங்கினதில்ல இல்ல? அது சார் எனக்குச் சொல்லிக் குடுத்தது. சார் அவர் வாழ்க்கையில யாரு கையில இருந்தும் பிடுங்கினது கிடையாது."

கை தட்டினார்கள். நான் எழுந்து திரும்பிக் கும்பிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், சுவரோரமாக, காலையில் வைத்த பூவோடு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. சித்தி வீட்டுக்குப் போகிறவள் யாரையாவது பார்க்க இங்கே வந்திருக்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவள் மடியில் மற்ற எல்லாரிடமும் இருந்த அதே நீல நிற அடையாள அட்டை தெரிந்தது. அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் பயமும் இல்லை, குறும்பும் இல்லை. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பது போல இருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஒரு பெண் தன் ஊர் ஏரியைப் பற்றி. ஒரு பெண் மரவள்ளியில் வரும் பூச்சியைப் பற்றி. அவர்கள் பேசி முடித்ததும் நான் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. வழக்கமாகச் சொல்கிற நல்ல வார்த்தைகள் தாமாகவே வந்துகொண்டிருந்தன. நாலைந்து பேருக்குப் பிறகு அவள் எழுந்து வந்தாள். என்னைக் கடந்துதான் லேப்டாப் இருந்த மேஜைக்குப் போக வேண்டும். கடக்கும்போது, மற்றவர்கள் செய்தது போலவே, "வணக்கம் சார்" என்றாள்.

முதல் ஸ்லைடில் பெரிய எழுத்தில் தலைப்பு இருந்தது. "டெய்லருக்குச் சரியாக அளவு கொடுப்பது எப்படி?" அடியில் அவள் தைத்த ஒரு பச்சை ஜாக்கெட்டின் படம்.

"எல்லாரும் அளவு ஜாக்கெட் குடுப்பீங்க" என்று தொடங்கினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. "பீரோல இருந்து இருக்கறதுலயே நல்லதா ஒண்ண எடுத்துக் குடுப்பீங்க. அது நல்லா இருக்குது, ஏன்னா நீங்க அதைப் போடறதே இல்லைங்க. ஏன் போடறதில்ல? அது இப்ப உங்களுக்குப் பத்தறதில்ல!"

அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவள் நடுக்கம் போய்விட்டது. அப்புறம் அவள் பேசியதை நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் நாலு பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் பேசி நான் கேட்டதில்லை. டேப்பை எங்கே வைத்துப் பிடிக்க வேண்டும், அளவெடுக்கும்போது மூச்சை ஏன் இழுத்துப் பிடிக்கக் கூடாது, டெய்லரிடம் எதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படங்களில் நிற்பது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் எடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டு நாள்காட்டி பின்னால் தெரிகிறது. இதெல்லாம் எப்போது நடந்தது?

நடுவில் அவள் விரல் எதன் மேலோ பட்டுவிட்டது. ஸ்லைடுகள் கடகடவென்று ஓடிக் கடைசிக்குப் போய், திரை கறுத்துவிட்டது. ஆசிரியை இடத்தை விட்டு அசையவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி. நான்தான் அசைந்தேன். என்னை அறியாமல் பாதி எழுந்து, கையை லேப்டாப்பின் பக்கம் நீட்டிவிட்டேன்.

"இருங்க சார்" என்றாள். "நானே பாத்துக்கறேன்."

உட்கார்ந்தேன். அவள் குனிந்து, ஒரு விரலால் கீபோர்டில் தேடினாள். உதடு அசைந்தது, எதையோ தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை தவறாகப் போனது. மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். பச்சை ஜாக்கெட் திரும்ப வந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளி, விட்ட இடத்துக்கு வந்து நின்று, "ம்... எதுல இருந்தோமுங்க?" என்றாள். பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் முடிக்கும்போதும் அதே கைதட்டல்.

இப்போது நான் சொல்ல வேண்டும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். "இவங்க என் மனைவிங்க" என்ற மூன்று வார்த்தை என் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்றும் கூடவே தோன்றியது. வீட்டிலேயே சாரை வைத்துக்கொண்டு இந்தம்மா ஏன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்து படிக்க வேண்டும்?

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம். பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியணும் இல்லீங்களா."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் இடத்துக்குப் போனாள்.

சான்றிதழ் கொடுக்கும்போது ஆசிரியை போனில் படம் எடுத்தாள். "அக்கா, சார் பக்கத்துல இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றாள். "இது போதுங்க" என்றாள் என் மனைவி. அந்தப் படம் இப்போதும் அறக்கட்டளையின் வாட்ஸாப் குழுவில் இருக்கிறது. ஒரு சான்றிதழின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

முடிந்ததும் டீயும் தட்டுவடையும் கொடுத்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை என் அருகில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சார், அந்த டெய்லர் அக்கா இருக்காங்களே, அவங்கதான் சார் இந்த பேட்ச்ல நம்பர் ஒன். ஆனா முதல் ரெண்டு வாரம் நீங்க பாத்திருக்கணும். மௌஸையே தொட மாட்டாங்க. ஒவ்வொரு க்ளிக்குக்கும், 'அமுக்கட்டுங்களா, அமுக்கட்டுங்களா'ன்னு கேப்பாங்க. வீட்ல யாரோ நல்லாத் திட்டிருக்காங்க போல சார். அந்த பயம் போறதுக்கே அவ்வளவு நாளாச்சு."

அப்போதும் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நான் தட்டுவடையைக் கடித்துக்கொண்டு, "ஆமாம்மா, சில பேர் வீட்ல அப்படித்தான்" என்றேன்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் கூசுகிற இடம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சொன்னதற்காவது அலுப்பு, தூக்கம் என்று ஏதாவது காரணம் சொல்லலாம். இதற்கு ஒன்றுமில்லை. நல்லவன் என்ற பெயருக்காக, என்னையே வேறு ஒருவனாக்கித் தலையாட்டிக் குறை சொன்னேன்.

நண்பரைப் பைக்கில் போகச் சொல்லிவிட்டு ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவள் தன் வகுப்புப் பெண்களோடு நின்றிருந்தாள். நான் சற்றுத் தள்ளி, பழக்கடை ஓரமாக நின்றேன். அவர்கள் ஒவ்வொருவராகத் தாரமங்கலம் பஸ்ஸிலும் மேச்சேரி பஸ்ஸிலும் ஏறிப் போனார்கள். கடைசிப் பெண்ணும் போன பிறகு அவள் என்னைப் பார்த்து, "சேலம் வண்டி வருதுங்க, வாங்க" என்றாள்.

ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். பஸ் சுங்கச்சாவடியைத் தாண்டியது. அவள் சான்றிதழைச் சுருட்டாமல், மடங்கிவிடாமல், மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேனுங்க."

"சித்தி வீட்டுக்குன்னு சொன்னியே."

"சித்தி ஊட்டுக்கும் போனேனுங்க. க்ளாஸ் முடிஞ்சு அங்கதான் மத்தியானச் சோறு. சித்திக்கு முட்டியில தைலம் தேச்சு உட்டுட்டுத்தான் வருவேன். நான் பொய் சொல்லலீங்க."

பஸ்ஸில் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நானே கேட்டேன். "எதுக்கு சார்னு கூப்ட்ட?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வாரீங்கன்னு அந்தப் பொண்ணு போன வாரமே சொல்லிடுச்சுங்க. லீவு போட்டுடலாமான்னு யோசிச்சேன். அப்பறம், போவோம், பாக்கட்டும்னு வந்தேன். என்னைப் பாத்ததும் நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேனுங்க, இது எங்க ஊட்லன்னு. நீங்க உக்காந்துட்டீங்க. சரி, சாருக்குச் சங்கடமா இருக்குதாட்ட இருக்குன்னு, நானும் சார்னே கூப்ட்டேன்."

"எழுத்து பெருசா இருந்திருக்கலாம்னு சொன்னேன்ல. அது உண்மையில நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியுமுங்க" என்றாள். "நான் கடைசி வரிசைல போய் உக்காந்து பாத்துட்டுத்தானே வெச்சேன்."

சேலம் அஞ்சு ரோட்டில் இறங்கி டவுன் பஸ் மாறினோம்.

அடுத்த சில வாரங்கள் நான் வீட்டில் திருந்திய மனிதனாக நடந்துகொள்ளப் பார்த்தேன். அவள் லேப்டாப்பைத் திறந்தால் பக்கத்தில் போய் உட்காருவேன். "மெதுவாப் பண்ணுங்க, அவசரமே இல்ல. ரொம்ப நல்லாப் பண்றீங்க" என்பேன். ஒரு நாள் அவள் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்னைய எதுக்கு 'ங்க' போட்டுப் பேசறீங்க?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் பேசியது வகுப்புக் குரல். கேங்மேனிடம் பேசிய குரல்.

"அது வெளியாளுக்குப் பேசறதுங்க" என்றாள். "எனக்கு அது வேண்டாம்."

அப்படியானால் அவளிடம் பேச எனக்கு வேறு குரல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கொட்டாவிக் குரல்தான் இருந்தது. கடையை மூடிவிட்டு நான் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த நாட்களில் அவள் என்னிடம் எப்படிப் பேசினாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். வீட்டை அவள் தையல் மெஷின்தான் ஓட்டியது. எப்போது வேலைக்குப் போவீர்கள் என்று அவள் கேட்டதே இல்லை. நான் டீ போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கிறது என்பாள். அதை அவளுக்கு யாரும் பயிற்சி கொடுத்துச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கைதட்டவும் அங்கே ஆள் இல்லை.

எல்லா மையங்களின் ஆசிரியர்களும் மாதம் ஒரு முறை சேலத்தில் கூடுவோம். அந்தக் கூட்டம் முடிந்ததும் ஓமலூர் ஆசிரியையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அந்த டெய்லர் அக்கா என் வீட்டுக்காரம்மா. நீ சொன்னியே, வீட்ல யாரோ திட்டிருக்காங்கன்னு. நான்தான் அது."

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ சார். நான் உங்ககிட்டயே அப்படிச் சொல்லிட்டேனே. சத்தியமா எனக்குத் தெரியாது சார். மன்னிச்சிருங்க சார்."

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கற? தப்பு என்னோடது."

"இல்ல சார், இருந்தாலும்..." என்று தடுமாறினாள். அவளுக்கு என் கண்ணைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. என் மனதிலிருந்ததை இறக்கி அவள் தலையில் வைத்தது போலாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கூட்டங்களில் என்னைப் பற்றி முன்பு போல் வாய் நிறையப் பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருவிதத்தில் அது சரியென்றே பட்டது.

ஓமலூரில் புதிய வகுப்பு தொடங்கியபோது, முதல் நாள் வருகிறவர்களிடம் பேச என் மனைவியைக் கூப்பிட்டார்கள். போய் வந்தாள். இப்போது மாதத்தில் ஓரிரு நாள் அங்கே போய், தொடவே பயப்படுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். "நாங்கூட இப்படித்தானுங்க இருந்தேன்" என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்களாம். என்னிடம் அவள் இதையெல்லாம் சொல்கிறாள். மறைக்கவில்லை. சண்டையும் இல்லை. வீட்டுக்கு வருகிற பெண்களுக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துப் படங்களை ஓட்டிக் காட்டுகிறாள். நடுவில் சிலிண்டர் ரசீது வருவதில்லை.

ஆனால் என்னிடம் சந்தேகம் கேட்பதில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள். படத்துக்கு அடியில் எழுதுவது எப்படி என்று. நான் ஏதோ கணக்கில் மூழ்கியிருந்தேன். "அன்னைக்கே பண்ணியே, அதேதான்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் தொனி என் காதில் விழுந்தது. "இரு, வரேன்" என்று எழுவதற்குள், "இருக்கட்டுங்க, அந்தப் பொண்ணக் கேட்டுக்கறேன்" என்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கதவு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

போன வாரம் ஒரு மாலை. மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கியபடி ஓமலூர் ஆசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்லைடில் பாட்டு சேர்க்க வேண்டுமாம். மறுமுனையில் அந்தப் பெண்ணின் குழந்தை அழுவது எனக்கே கேட்டது.

"மேல இருக்கற பட்டையிலயா சாமி? ஆமா, தொறந்துட்டேன். இதுல ஒண்ணையும் காணமே... பரவால்ல, நீ கொழந்தையப் பாத்துட்டு வா, நான் லைன்லயே இருக்கறேன்."

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரைகூடத் தெரிந்தது. அவள் தேடுகிற இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது அது. வாயைத் திறந்தேன். எந்தக் குரல் வருமோ என்று பயமாக இருந்தது. மூடிக்கொண்டேன்.

அவள் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அந்த டிவியக் கொஞ்சம் கொறைங்க. அந்தப் பொண்ணு பேசறது கேக்கமாட்டீங்குது."

நான் அதை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.